தூண்டில் பெல்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன்

ஓசூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜெகதீசுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் சுப்ரியாவும் பாப்பாவும் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்ததும், தூண்டிலைச் செருகி நிறுத்த இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி நீ அனுப்பிய தூண்டில் பெல்ட்தான் முதலில் கையில் பட்டிருக்கும். உடைந்துவிட்டதா, அளவு சரியில்லையா என்று பயப்படாதே, அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஏன் திருப்பி அனுப்புகிறேன் என்பதற்கும், ஆறு மாதத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று பொங்கலுக்கு முன்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாயே அதற்கும் பதில் ஒன்றுதான், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்துவிட்டு உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், எப்படிம்மா இருக்கீங்க என்று நீ என்னைக் கேட்டால், அவளுக்கென்ன நல்லாத்தான் இருக்கா என்று அவர் சொல்கிறார். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

உன் அப்பா ரிட்டயர் ஆனது உனக்குத் தெரியும், ரிட்டயர் ஆகி எங்கே வந்து சேர்ந்தார் என்பதுதான் தெரியாது. முப்பது வருடம் கம்பெனியில் குவாலிட்டி பார்த்த மனிதர் இப்போது மூன்று ஷிப்டும் என் சமையலறையில் இருக்கிறார். கேஸ் சிலிண்டர் நிற்கிற இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார். தோசை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தால் கல்லையே திருப்பிப் பார்க்கிறார். ரசப்பொடி டப்பா அதன் இடத்தில் இல்லையென்றால் யார் எடுத்தது என்று விசாரணை வைக்கிறார், வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இந்த நிலைமையில்தான் போன வருடம் மழைக்கு அப்புறம் மங்கம்மா என்னைத் தன் ஊருக்குக் கூப்பிட்டாள். மங்கம்மா யாரென்றால் உழவர் சந்தையில் எனக்கு வாடிக்கையாகக் காய் போடுகிறவள், தளிக்குப் பக்கத்தில் ஊர், வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். அவள் ஊர் ஏரிக்கரையில் பெண்கள் நாலைந்து பேர் மூங்கில் குச்சியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள், என் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. அது தூண்டில் நரம்பு வழியாக என் கையில் வந்து துடித்தது பார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஐம்பத்தெட்டு வயதில் ஏரிக்கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து புதனும் சனியும் காலை பஸ்ஸில் போய்விடுகிறேன். மீனுக்காக மட்டும் போகிறேன் என்று நினைக்காதே. அந்த இரண்டு மணி நேரம் அதை எடு, இதைக் கொடு என்று யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் என் கை இரண்டும் தூண்டிலில் இருக்கிறது என்று சொல்லலாம். கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரும் கூட வந்தார், கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து நான் மீன் பிடிப்பதைப் பார்க்காமல் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரெண்டு மணி நேரத்துல மீனு கடிக்கிறது மொத்தமே அஞ்சு நிமிஷம், மிச்சமெல்லாம் ஐடில் டைம், ரெண்டு கையும் சும்மா ப்ளாக் ஆகிக் கெடக்கு, கம்பெனியில ஒரு ஆபரேட்டர் இப்படி நின்னா விட்ருவமா என்றார். நான் ஆபரேட்டர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே உன்னிடமும் சொன்னார். நீயும் அவர் பிள்ளைதானே, அங்கே ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் தூண்டிலை உடம்பில் மாட்டிக்கொண்டு கையை வீசிக்கொண்டு நிற்கிற போட்டோவை வரிசையாக அனுப்பினாய், அம்மாவுக்கு இது ஒண்ணு வாங்கிருவோம்ப்பா என்றாய்.

அப்புறம் தொடங்கியது தேர்வு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட உன் அப்பா இவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை, காபியைக் குடித்துவிட்டுச் சரி என்று போனவர்தான். இந்த பெல்ட்டுக்கு இரண்டு வாரம் வீடியோ கால். ஹாலில் வெள்ளை போர்டு ஒன்றை மாட்டி, மூன்று கட்டம் போட்டு, இடுப்பு, மார்பு, தொடை என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். சர்க்கரை கேட்டு வந்த அடுத்த வீட்டு ரூபா அதைப் படித்துவிட்டுச் சர்க்கரை வாங்காமலே போய்விட்டாள். மார்பில் மாட்டுகிறது தோளில் இரண்டு பட்டை வந்து நடுவில் குழாய் நிற்கிற ரகம், சுப்ரியா பாப்பாவை முன்னால் சுமந்துகொண்டு நடக்கிறாளே அந்தப் பை மாதிரி, குழந்தைக்குப் பதில் குச்சி. பாரம் தோளுக்குப் போகும், முதுகு வலிக்காது என்று நீ அதற்கு ஓட்டுப் போட்டாய், குச்சி முகத்துக்கு நேராக நிற்கிறது, கண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்று உன் அப்பா சிவப்பு மையில் அடித்துவிட்டார். தொடையில் கட்டுகிறது பேண்ட் போட்டவர்களுக்கு. சேலைக்கு மேல் அதை எங்கே கட்டுவது என்று நான் கேட்டேன், அந்த இரண்டு வாரத்தில் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு அவர் தன்னுடைய பழைய யூனிபார்ம் பேண்ட்டை உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னார், நீ கொஞ்சம்கூடச் சிரிக்காமல் அதுவும் நல்ல ஐடியாதான்ப்பா என்றாய். கடைசியில் ஜெயித்தது இடுப்பு, சுதந்திர தின அணிவகுப்பில் கொடி பிடித்து வருகிறவன் வயிற்றுக்குக் கீழே ஒரு குப்பி கட்டியிருப்பானே அந்த ரகம். உடனே டேப்பை எடுத்து என் இடுப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, உட்கார வைத்து ஒரு தடவை அளந்து சராசரி எடுத்தார். என் இடுப்பளவைக் கேட்டீர்களே தவிர, இது உனக்கு வேண்டுமா என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

வாங்குவதற்கு முன்னால் ட்ரையல் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாதாம். பழைய சிநேகிதர் ஒருவரிடம் போய், ஷெட்டுக் கூரை மேல் ஏறுகிறவர்கள் மாட்டுகிற சேஃப்டி பெல்ட்டை வாங்கி வந்தார், ஆரஞ்சு நிறத்தில் தோளுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று பட்டை, முதுகில் கயிறும் கொக்கியும். அதில் ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டைக் கட்டினால் தூண்டில் செருக இடம் தயார். ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னை அதற்குள் ஏற்றினார். பெல்ட் போட்டால் கொக்கியை உறுதியான ஒன்றில் மாட்டாமல் விடக் கூடாது என்பது அவர் கம்பெனியில் ஊருக்கெல்லாம் சொன்ன பாடம். இங்கே நான் எந்த உயரத்திலிருந்து விழப்போகிறேன் என்று கேட்டேன். ரூல்னா ரூல்தான் என்று சொல்லிக் கொக்கியைப் புங்க மரத்தில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து மாடு ஓட்டிக்கொண்டு வந்த அந்த ஊர் நாராயணம்மா என்னைப் பார்த்து, ஏனம்மா, யாரு கட்டி ஹாகிதாரே என்று கன்னடத்தில் கேட்டாள், யார் கட்டிப் போட்டது என்று அர்த்தம். நான் உன் அப்பாவைக் காட்டினேன். அவள் தன் மாட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், அவள் மாட்டுக்குக் கழுத்தில் கயிறுகூட இல்லை. அதற்குள் தக்கை முங்கியது, நான் எட்டி முன்னால் போக, கயிறு பின்னால் இழுக்க, சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். மங்கம்மா சிரித்த சிரிப்பில் அக்கரைக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்து போர்டில் ட்ரையல் ஓகே, ஆபரேட்டருக்குப் பயிற்சி தேவை என்று எழுதினார்.

அப்புறம் நீ அனுப்பியது வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல சாமான். வயிற்றில் அழுத்தாமல் உள்ளே மெத்து வைத்திருக்கிறான், குப்பியை வேண்டிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம், புழு டப்பாவுக்கு ஒரு பை, கத்திக்கு ஒரு பை. என் மூங்கில் குச்சி அந்தக் குப்பிக்குள் ஆடியது, உன் அப்பா சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிச் சரி செய்தார். பெல்ட்டை இறுக்கினால் கொசுவம் நழுவுகிறது என்று சேலைக்கு மேல் அவருடைய சாம்பல் நிற கம்பெனிக் கோட்டையும் போட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், எந்தக் கம்பெனிக்கா, ஃபர்ஸ்ட் ஷிப்டா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏரிக்கரையில் குச்சியைச் செருகினால் அது பாட்டுக்கு நின்றது, முதல் நாள் இந்தக் கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கவலை ஒரு நாள்தான். அடுத்த தடவை கிளம்பும்போது உன் அப்பா ஒரு கட்டு கொத்தமல்லியைப் பையில் வைத்து, கை சும்மாத்தான இருக்கு, ஆய்ஞ்சு எடுத்துட்டு வந்துரு என்றார். அதற்கடுத்து கெலமங்கலத்திலிருந்து உன் அத்தை ஜோதியம்மாள், மகள் வளைகாப்புக்கு உதிரிப் பூவைக் கூடை நிறைய அனுப்பி, மதினிக்கு ஏரியில கை ஓய்வுதான, கட்டிக் கொடுத்துரச் சொல்லுங்க என்றாள். இவர்களைச் சொல்லி என்ன, நீயும்தான். அங்கே உனக்கு ராத்திரி, பாப்பா தூங்கவில்லை, அம்மா கை ஃப்ரீதான, போனைப் பிடிச்சுக்கிட்டுப் பாப்பாவுக்கு ஒரு தாலாட்டுப் பாடுங்க என்றாய். பாடினேன். பாப்பா தூங்கினாளோ இல்லையோ, ஏரியில் இருந்த மீன் அத்தனையும் போய்விட்டது. மங்கம்மா தன் குச்சியை எடுத்துக்கொண்டு எட்டப் போய் நின்றாள்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இப்போது இங்கே அவரைக் கொட்டைப் பருவம், உன் அப்பாவுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு இல்லாமல் சோறு இறங்குவதில்லை. அவருக்கு அது குழம்பு, எனக்கு அது ஊறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு விரலால் பிதுக்கித் தோலை நீக்குகிற வேலை. ஒரு குண்டான் நிறைய ஊறப்போட்டு, மூடி போட்டு, துணியில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன், கரையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தேன், தக்கையைப் பார்க்கவில்லை. திடீரென்று பெல்ட்டோடு என்னை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கட்லா மீன், தம்பி. மங்கம்மா அதன் முதுகைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள், இவ்வளவு பெரிது அந்த ஏரியில் தூண்டிலில் விழுந்து அவளே பார்த்ததில்லை. நான் குச்சியைப் பிடித்தால் கையெல்லாம் அவரைக் கொழகொழப்பு, வழுக்குகிறது. குச்சியோ பெல்ட்டை விட்டு அசையவில்லை, அவ்வளவு உறுதி. கையாக இருந்தால் இழுக்கும்போது கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கும், பெல்ட்டுக்கு அது தெரியாதே. நரம்பு அறுந்தது, மீன் போயே போய்விட்டது, குண்டானும் உருண்டு பருப்பெல்லாம் தண்ணீரில். மங்கம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும், ஏமம்மா, மகாலட்சுமி மாதிரி மீனு வாசல்ல வந்து நின்னு கூப்புடுது, நீ உள்ள ஒக்காந்து கொட்ட பிதுக்கிக்கினு இருக்கற என்று திட்டினாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. மீன் போனதற்காக மட்டும் இல்லை, எனக்கென்று ஒரே ஒரு இடம் இருந்தது, அங்கேயும் என் சமையலறையை நானே துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டேனே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா முதலில் கேட்டது பருப்பு எவ்வளவு மிஞ்சியது என்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ பேசினாய். உன் அப்பா மீன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நீயும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் அதே டிக்கெட் பேச்சு, விடுங்கம்மா, பேசாம இங்க வந்துருங்க, அங்க உங்களுக்கு என்ன வேலை இருக்கு, இங்க பாப்பாவையாவது பாத்துக்கலாம், ஆறு மாசத்துக்கு டிக்கெட் போட்டுர்றேன் என்றாய். கூட்டிட்டுப் போ, இங்க சும்மாத்தான் இருக்கா என்று அவர் ஆசீர்வாதம் செய்தார். பெல்ட் வாங்கின மாதிரியேதான் என்னையும் வாங்குகிறீர்கள் என்று தோன்றியது, அளவு சரி, பாரம் தாங்கும், கை இரண்டும் காலி.

மறுநாள் சுப்ரியா என் நம்பருக்குத் தனியாகக் கூப்பிட்டாள், உன்னிடம் சொன்னாளோ என்னவோ. அத்தை, அவர் சொல்றத விடுங்க, உங்களுக்கு இங்க வர இஷ்டம் இருக்கா, இல்லைன்னா நாங்க வேற வழி பாத்துக்குவோம், நீங்க சங்கடப்பட வேண்டாம் என்று கேட்டாள். இப்படி யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கமில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். பாப்பாவைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையென்று நினைத்துவிடாதே. அவளுக்கு இரண்டு பல் வந்த வீடியோவை உன் அப்பா குளிக்கப் போகிற நேரமெல்லாம் போட்டுப் பார்க்கிறேன், அவளைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பாள் என்று அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். சுப்ரியா கேட்டாள், அதனால் வருகிறேன். ஆனால் ஆறு மாதம் இல்லை. பங்குனி பாதிக்கு மேல் இந்த ஏரியில் தண்ணீர் இறங்கிவிடும், தூண்டில் போட இடமிருக்காது, அந்த இரண்டு மாதம் உன் வீட்டில் இருப்பேன். சுப்ரியா வேலைக்குத் திரும்புகிற நேரமும் அதுதான், பாப்பா காப்பகத்தில் போய்ப் பழகுகிற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். மழை தொடங்குவதற்குள் நான் இங்கே வந்துவிட வேண்டும். அங்கே இருக்கும்போதும் புதனும் சனியும் காலை நேரம் என்னுடையது, உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று போட்டோ அனுப்பியவன் நீதான், தூண்டில் போட லைசென்ஸ் வேண்டுமாமே, வாங்கி வை, அந்த நேரம் பாப்பா உன்னிடம். உன் அப்பா இங்கேயே இருப்பார், மஞ்சள் டேப் ஒட்டின சமையலறையை அவரே ஓட்டட்டும். சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது, எல்லாத்தையும் ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதித் தர மாட்டேன், வந்து பாருங்கள் என்று பிதுக்கம்பருப்பிலிருந்து தொடங்கியிருக்கிறேன், நேற்று ஒரு கிண்ணம் பிதுக்கிவிட்டு விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் பெல்ட்டோடு ரசப்பொடியும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறேன், ஈரக் கை படாமல் எடுத்து வையுங்கள். பெல்ட்டை நீயே கட்டிக்கொள், உன் இடுப்புக்குத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன், நீ அங்கே போய்ப் பெருத்துவிட்டாய். அந்தக் குப்பியில் பால் பாட்டிலைச் செருகிக்கொள், போனைச் செருகிக்கொள், உன் ஆபீசையே செருகிக்கொள். வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையில் கம்ப்யூட்டர் தட்டுகிறாய். அவளை மட்டும் இரண்டு கையாலும் பிடி. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நூறு வருடம் இருக்க வேண்டும், அத்தை சரி என்று சொன்னாள் என்று முதலில் சுப்ரியாவிடம் சொல், பாப்பாவுக்கு என் முத்தம்.

ஒன்றை மறந்துவிடாதே, போக வர இரண்டுக்கும் சேர்த்துத் தேதி போட்ட டிக்கெட்டாக இருக்க வேண்டும், திரும்பி வருகிற தேதி இல்லாத டிக்கெட் என்றால் அதற்கும் ஒரு பெட்டி வாங்கித் திருப்பி அனுப்பிவிடுவேன். நாளைக்குச் சனிக்கிழமை, மங்கம்மா புது நரம்பு கட்டி வைத்திருக்கிறாளாம், அந்தக் கட்லா அங்கேதான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன். என் கை இரண்டும் வேலையாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பார்வதி தங்கதுரை